கரும்பலகையில் எழுதிய பதினெட்டு

இன்று காலையும் ஜாடிக்குள் மழை பெய்திருந்தது.

பள்ளிக் கதவைத் திறந்து ஜன்னல்களைத் தள்ளிவிட்டு, வழக்கம்போல முதலில் அதைத்தான் பார்த்தேன். கண்ணாடியின் உட்புறம் முழுக்கத் துளித் துளியாக நீர் கோத்திருந்தது. வெயில் ஏற ஏறத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்து, நீ போட்ட கூழாங்கற்களுக்கு இடையே இறங்கின. பெரணிச் செடி நன்றாக இருக்கிறது. ஓர் இலை பழுத்துச் சாய்ந்திருக்கிறது. அதன் அடியில் புதிதாக ஒன்று சுருண்டு நிமிர்கிறது. மூடியைச் சுற்றி நீ உருக்கி ஊற்றிய மெழுகு அப்படியே இருக்கிறது. "திறக்கக் கூடாது" என்று நீ எழுதி ஒட்டிய தாள் மட்டும் மங்கிக்கொண்டே வருகிறது. அதன்மேல் செல்லோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மற்ற நாளாக இருந்தால் அதோடு விட்டுவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்திருப்பேன். இன்று முடியவில்லை. நீ நடத்திய ஐந்தாம் வகுப்பு இப்போது என்னிடம். இன்று அதற்கு மூச்சுப் பாடம். போன வருஷம் இதே பாடம் வந்தபோது, உன் இடத்துக்கு வந்திருக்கும் புது எச்.எம்.மிடம் தொண்டை சரியில்லை என்று சொல்லி அவர் தலையில் கட்டிவிட்டேன். இந்த வருஷம் ஒரு சாக்கும் அகப்படவில்லை. நடத்தி முடித்துவிட்டேன். பிள்ளைகள் போய்விட்டார்கள். நாலரை மணி ஆர்.கே.பேட்டை பஸ்ஸையும் விட்டாயிற்று. உன் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன்னிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதை இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவை கரும்பலகையில், இரண்டாம் தடவை உன் கட்டில் பக்கத்தில். அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். நீ படிக்கப் போவதில்லை என்பது தெரியாத அளவுக்கு நான் அசடு இல்லை. ஆனாலும் திருத்தம் என்று ஒன்று உண்டு, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று நீயே ஒரு முறை வைத்திருந்தாய்.

நான் இந்தப் பள்ளிக்கு வந்த முதல் நாள் உனக்கு நினைவிருக்குமா? கொடிக்கம்பத்திலிருந்து வேப்பமரம் வரை கயிறு கட்டி, இரண்டு ஈரத் துண்டுகளைப் போட்டிருந்தாய். ஒன்று விரித்தபடி, ஒன்று நான்காக மடித்தபடி. எச்.எம். பள்ளிக்கூடத்திலேயே துவைத்துக் காயப்போடுகிறவர் போலிருக்கிறது, நமக்கு வாய்த்தது இப்படி என்று நொந்துகொண்டேன். மடித்த துண்டைப் பார்த்துப் பொறுக்காமல் பிரித்துவிடப் போனேன்.

"தொடாதீங்க டீச்சர், அது பாடம்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

அதுதான் நீ. மதியம் வரை பிள்ளைகள் கால் மணிக்கு ஒரு தடவை ஓடி ஓடித் துண்டுகளைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆவியாதல் என்ற சொல்லை நீ வாயால் சொல்லவே இல்லை. கடைசியில் ஒரு பொடிசு வந்து, "மிஸ், விரிச்ச துண்டுல தண்ணி இல்ல. மேல போயிடுச்சு" என்றது. அப்போதுதான் நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

"தண்ணி மேல போறதுக்கு ஒரு பேரு கீது. வேணுமா?"

"வேணும் மிஸ்!"

அவர்கள் கத்திக் கேட்ட பிறகுதான் கொடுத்தாய். எந்தச் சொல்லையும் நீ கேட்காமல் கொடுத்ததில்லை. ஆவி சுருங்குதல், ஒளிச்சேர்க்கை, உதரவிதானம் என்று வாயில் நுழையாத சொற்களையெல்லாம் நம் பிள்ளைகள் கடலை மிட்டாய் மாதிரி கேட்டு வாங்கினார்கள். நான் அதுவரை சொல்லை எழுதிப்போட்டு, பத்து தடவை எழுதிக்கொண்டு வா என்று சொல்கிற ஜாதி. உன்னோடு அந்த ஒற்றைக் கூடத்தில், பக்கத்துப் பக்கத்தில் நின்று நடத்த நடத்த எனக்கே வெட்கமாகிவிட்டது. உன் பக்கம் நான்கும் ஐந்தும். என் பக்கம் ஒன்று முதல் மூன்று. நடுவில் ஒரு பீரோ. என் பிள்ளைகள் பாதி நேரம் பீரோவைத் தாண்டி உன் பாடத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நானும்தான்.

இரண்டாவது வாரமே "டீச்சர் கீச்சர்லாம் வோணாம், ரெண்டு பேருதான் கீறோம், பேரு சொல்லிக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டாய். நான் உனக்குக் கலா ஆனேன். உன்னை நான் எதிரில் பெயர் சொல்லியும், கோபம் வந்தால் எச்.எம். என்றும் கூப்பிட்டேன்.

உன் வகுப்பில் ரப்பர் கிடையாது. அதுதான் அந்த முறை. எழுதியது தப்பு என்றால் அழிக்கக் கூடாது. மேலே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது. "தப்பும் தெரியணும், சரியும் தெரியணும்" என்பாய். அதைவிடக் கடுமையாக நீ பிடித்துக்கொண்டிருந்தது இன்னொன்று. பார்த்ததை எழுத வேண்டும். ஒரு மார்கழியில் நீயும் பிள்ளைகளும் ஈரப் பஞ்சில் மொச்சை போட்டீர்கள். புத்தகத்தில் நான்காம் நாள் முளைவிடும் என்று இருந்தது. நம் மொச்சை குளிரில் முடங்கிக் கிடந்து ஏழாம் நாள்தான் வாய் திறந்தது. ஒருத்தன் நோட்டில் நான்காம் நாள் என்றே எழுதியிருந்தான்.

"உன் மொச்சை புக்கு படிச்சிருக்காடா?" என்று கேட்டாய்.

"இல்ல மிஸ்."

"அப்புறம் அதுக்கு எப்பிடிடா தெரியும், நாலாம் நாள் மொளைக்கணும்னு?"

வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே கோடு போட்டு ஏழு என்று எழுதினான். இதில் என்ன இவ்வளவு பிடிவாதம் என்று மதியச் சாப்பாட்டின்போது கேட்டேன். நீ டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "நம்ம பொறந்த நாளே எவரோ ஒரு வாத்தியாரு புக்குக்காகப் போட்டதுடி. புள்ளைங்களாச்சும் பாத்தத எழுதட்டும்" என்றாய்.

அது உண்மைதான். உனக்கும் ஜூன் முதல் தேதி, எனக்கும் ஜூன் முதல் தேதி. உன்னை மிஷன் பள்ளியில் சேர்த்தவரும் என்னை ஊர்ப் பள்ளியில் சேர்த்தவரும் வேறு வேறு ஆட்கள். ஆனால் இருவரும், வயது கணக்குக்கு வர வேண்டும் என்று ஒரே தேதியைப் போட்டு வைத்திருக்கிறார்கள். நீ உண்மையில் பிறந்தது ஏதோ ஒரு மழைக்காலத்தில் என்று உன் அம்மா சொல்வார்களாம். என்னுடையது அந்த அளவுகூடத் தெரியாது.

அந்த ஜூன் முதல் தேதியால்தான் திருத்தணிப் படியில் நமக்கு ஒரே படி கிடைத்தது. பூமி சூரியனைச் சுற்றும் பாடத்துக்கு, தை பிறந்ததும் பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் ஏற்றி மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போவாய். வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள், மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. முதல் படி ஜனவரி ஒன்று. அங்கிருந்து சத்தமாக எண்ணிக்கொண்டே ஏற வேண்டும். அவரவர் பிறந்த நாள் படி வரும்போது அவரவர் நின்றுவிட வேண்டும், மற்றவர்கள் மேலே போக வேண்டும். உச்சியிலிருந்து திரும்பிப் பார்த்தால் படி நெடுக நம் பிள்ளைகள் ஒரு வருஷமாக நின்றுகொண்டிருப்பார்கள். பிப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்த ஒருத்தன் தனக்குப் படியே இல்லை என்று அழுதான். அவனை இருபத்தெட்டில் ஒரு காலும் மார்ச் ஒன்றில் ஒரு காலுமாக நிற்கவைத்து, நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஏன் ஒரு நாள் கூடுகிறது என்பதை அவன் காலை வைத்தே நடத்தி முடித்தாய். விழுந்து கும்பிட வந்த ஒரு கூட்டம் அப்படியே நின்று முழுப் பாடத்தையும் கேட்டுவிட்டுப் போனது.

நீ மேலே கோயிலுக்குள் வரமாட்டாய். உனக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு கோயில். "படி வரைக்கும் பாடம். அதுக்கு மேல உங்க முருகன். போய்ட்டு வாங்க, நான் பைங்களப் பாத்துகினு இருக்கேன்" என்று கடைசிப் படியில் உட்கார்ந்துவிடுவாய். நான் கொண்டுவரும் பஞ்சாமிர்தத்தில் எனக்குப் பாதியைக்கூட மிச்சம் வைக்க மாட்டாய், அது வேறு விஷயம்.

அப்படி ஒரு தடவை இறங்கி வரும்போதுதான் படியோரக் கல் இடுக்கிலிருந்து இந்தப் பெரணியை வேரோடு எடுத்தாய். மறுநாள் உன் வீட்டு ஊறுகாய் ஜாடி பள்ளிக்கு வந்தது. அடியில் கூழாங்கல், மேலே கரித்தூள், அதற்கும் மேலே மண், அதில் செடி, ஒரு கை தண்ணீர். மூடுவதற்கு முன் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, ஒவ்வொருவரையும் உள்ளே ஒரு மூச்சு விடச் சொன்னாய். நாம் விடுகிற கரியமில வாயு இலைக்குச் சாப்பாடு என்றாய். எல்லோரும் ஊதினார்கள். என்னையும் விடவில்லை. கடைசியாக நீ குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, நீளமாக ஒரு மூச்சு விட்டு, சட்டென்று மூடியைத் திருகினாய். மெழுகை உருக்கி ஊற்றினாய். அந்த மூச்சு எவ்வளவு நீளமாக இருந்தது என்பது இப்போதும் எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு உன் நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த வருஷம் இருமல் வந்தது. வறட்டு இருமல். இந்தத் தொழிலில் இருக்கிற எவளுக்குத்தான் இருமல் இல்லை? "சாக்பீஸ் இருமல்" என்றாய் நீ. "அதேதான்" என்றேன் நான். துடைப்பானை ஈரத்துணியாக மாற்றினோம். பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொண்டுவந்து உன் மேஜையில் வைத்தேன். இரண்டு டீச்சர்மார் சேர்ந்து நோய்க்குப் பெயர் வைத்து மருந்தும் கொடுத்து முடித்துவிட்டோம். பிள்ளைகளுக்குப் பெயரைக் கடைசியில் கொடுப்பவள், உன் இருமலுக்கு மட்டும் முதல் நாளே பெயரைக் கொடுத்துவிட்டாய். நான் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தை மாதம் படிக்குப் போனோம். வழக்கமாகப் பிள்ளைகளுக்கு முன்னால் எண்ணிக்கொண்டே ஓடுகிறவள், அன்று பின்னால் வந்தாய். நம் படி ஜூனில் இருக்கிறது. நீ ஏப்ரலிலேயே உட்கார்ந்துவிட்டாய். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ கூட்டிகினு போ, நான் இங்கயே கீறேன்" என்றாய்.

"இன்னா எச்.எம்., வயசாயிடுச்சா? ரெண்டு பேருக்கும் ஒரே பொறந்த நாளுதான, எனக்கு ஆவலியே" என்றேன்.

சிரித்தாய். அதற்குமேல் நான் பார்க்கவில்லை. ஜூன் முதல் தேதிப் படியில் அந்த வருஷம் நான் மட்டும் நின்றேன். நின்றுகொண்டு கீழே பார்த்துக் கையாட்டினேன். நீயும் ஆட்டினாய். என்னை நினைத்தால் எனக்கே அறையலாம் போல இருக்கிறது.

பிறகு நுரையீரல் மாதிரி செய்தோம். பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் இரண்டு பலூன், அடியில் வெட்டிய பலூனை இழுத்துக் கட்டி அதுதான் உதரவிதானம் என்று வருஷா வருஷம் நீ செய்வது. புது பலூன் விறைப்பாக இருக்கும் என்று முதலில் நீயே ஒவ்வொன்றாக ஊதித் தளர்த்துவாய். அந்த வருஷம் பலூனை என்னிடம் நீட்டினாய். "நீ ஊது கலா, எனக்கு வாயெல்லாம் ரப்பர் நாத்தம்" என்றாய். ஊதினேன். ஒரு கேள்வி கேட்கவில்லை.

அடுத்த நாள்தான் அந்த நாள்.

ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று எண்ணும் செயல்பாடு. இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் தோளை மற்றவர் பார்த்து எண்ண வேண்டும். நீ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து "ஆரம்பி" என்பாய், "நிறுத்து" என்பாய். பிள்ளைகளின் எண்களைப் பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினோம். அடுத்த வாரம் பள்ளியைப் பார்க்க அதிகாரிகள் வருவதாக இருந்தது, அதைச் சுவரில் ஒட்ட வேண்டும். கடைசியில், பெரியவர்களுக்குக் குறைவாக இருக்கும் என்று காட்ட, நாம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். நீ என்னை எண்ணினாய். பதினேழு வந்தது. பலகையில் பதினேழு என்று எழுதினாய்.

பிறகு நான் உன்னை எண்ணினேன். உன் தோள் பட்பட்டென்று, சின்னச் சின்னதாக ஏறி இறங்கியது. இருபதைத் தாண்டியதும் தப்பாக எண்ணுகிறேனோ என்று தோன்றியது. நீ நிறுத்து என்றபோது என் கணக்கில் இருபத்தெட்டு இருந்தது.

சாக்பீஸோடு பலகை முன் நின்றேன். பக்கத்தில் புத்தகம் திறந்திருந்தது. பெரியவர்களுக்குப் பதினாறு முதல் பதினெட்டு வரை என்று அதில் இருந்தது. நீ பிள்ளைகளோடு பேசிக்கொண்டும் இருமிக்கொண்டும் இருந்தாய், அதனால் கூடியிருக்கும் என்று நினைத்தேன். இந்த எண்ணை எழுதினால் பிள்ளைகள் குழம்புவார்கள், அதிகாரி கேள்வி கேட்பார் என்று நினைத்தேன். நினைப்பதற்கு எனக்குக் காரணமா கிடைக்காது? பதினெட்டு என்று எழுதினேன். காலண்டர் தாளிலும் எழுதினேன்.

நீ பலகையைப் பார்த்தாய். "பதினெட்டா?" என்றாய்.

"ஆங், பதினெட்டு."

ஒரு நொடி என்னைப் பார்த்தாய். பிறகு திரும்பி, "உள்ள இழுக்கறதுக்கு ஒரு பேரு, வெளிய வுடறதுக்கு ஒரு பேரு. வேணுமா?" என்று கேட்டாய். அவர்கள் வேணும் என்று கத்தினார்கள். உட்சுவாசம், வெளிச்சுவாசம் என்று நீ எழுதும்போது நடுவில் ஒரு தடவை நிறுத்திச் சுவரைப் பிடித்துக்கொண்டாய். அதையும் நான் பார்த்தேன்.

வெயில்கால விடுமுறையில் ஆடிப்போனாய். துணி காயப்போட மாடி ஏறியவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாயாம். பஸ் ஓட்டுகிற உன் வீட்டுக்காரர் டியூட்டியை விட்டுவிட்டு வந்து உன்னை வேலூருக்கு அழைத்துப் போனார். நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது என்றார்கள். சாக்பீஸ் காரணமில்லை என்றார்கள், இன்னதுதான் காரணம் என்றும் சொல்லவில்லை. ஒரு மூன்று நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் கொஞ்ச காலம் தள்ளிப் போட்டிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை உன் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். அவர் யாரையும் குறை சொல்லிச் சொல்லவில்லை. நான்தான் நின்ற இடத்திலேயே விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்று நாலு மாதத்துக்கு முன்னால் நான் பலகை முன் நின்றுகொண்டிருந்தேன்.

ஆக்சிஜன் மெஷின் உன் வீட்டுக்கு வந்த பிறகு சனிக்கிழமை தோறும் வந்தேன். மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாய். "மரம் குடுத்த ஆக்சிஜன் பத்தல, இ.பி.காரன் குடுக்கறான்" என்று சிரித்தாய். கரண்ட் போனால் உன் வீட்டுக்காரர் ஓடி வந்து சிலிண்டரை மாற்றுவார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவர் மருந்து வாங்கப் போயிருந்தபோது, நீ மெதுவாக என் கையைத் தொட்டாய்.

"கலா, அன்னிக்கு நீ எவ்ளோ எண்ணுன?"

எதைக் கேட்கிறாய் என்று எனக்கு உடனே தெரிந்தது. தெரியாத மாதிரி, "என்னிக்கு?" என்றேன்.

"மூச்சுப் பாடத்துல."

"பதினெட்டுதான்" என்றேன்.

உன் தோள் என் கண் முன்னாலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். "சரி" என்றாய். கோபப்படவில்லை. என் கையை விடவும் இல்லை. நீ நம்பினாயா, நான் தாங்க மாட்டேன் என்று விட்டுக்கொடுத்தாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உன்னிடம் நான் கேட்டு வாங்காமல் போன விடை அது ஒன்றுதான். மூன்றாவது வாரம் நீ போய்விட்டாய். உன் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் பாடினார்கள், எனக்குப் பாட்டு வரவில்லை. மண் போட்டேன்.

இன்றைக்கு வருகிறேன். இருவர் இருவராக உட்காரச் சொன்னேன். பதினொரு பேர் இருந்ததால் தீபிகா என்ற பெண்ணுக்கு ஜோடி இல்லை. "மிஸ், நான் உங்கள எண்றேன்" என்று எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டாள். மடியில் புத்தகம் திறந்திருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்து ஆரம்பி என்றேன். அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததுமே உன் குரல்தான் எனக்குக் கேட்டது. நிறுத்து என்று சொல்வதற்குள் எனக்குக் கண் இருட்டிவிட்டது.

தீபிகா புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மிஸ், இருபத்தி நாலு வருது. தப்பா எண்ணிட்டேன் போலகீது. பதினெட்டுன்னு போட்டுக்கட்டா?"

என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "வேணாமா மிஸ்?" என்றாள்.

"நீ எவ்ளோ எண்ணுன?"

"இருபத்தி நாலு."

"அதையே எழுது."

"புக்குல பதினெட்டுதான் மிஸ் கீது."

"புக்குக்கு என்னைத் தெரியாதும்மா."

எழுதினாள். எழுதிவிட்டு, "உங்களுக்கு மட்டும் ஏன் மிஸ் ஜாஸ்தி?" என்று கேட்டாள்.

"அழுகை வருது, அதனால" என்றேன்.

அதன்பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது? பீரோவைத் திறந்து, உன் சார்ட்டுகளுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த காலண்டர் தாளை எடுத்து மேஜையில் விரித்தேன். மேலே பிள்ளைகள் பெயர், கீழே 'எச்.எம். டீச்சர் - 18', அதற்கும் கீழே 'கலா டீச்சர் - 17'. நான் எண்ணியது என்ன, எழுதியது என்ன, பிறகு என்ன நடந்தது என்று சொன்னேன். அவர்களில் நான்கைந்து பேர் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது பீரோவைத் தாண்டி உன்னைப் பார்த்தவர்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு பையன், பாடத்தில் சந்தேகம் கேட்பது போலவே, "அப்ப கோடு போட்டு எழுதுங்க மிஸ்" என்றான். உன் முறை இன்னும் வகுப்பில் இருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அவர்களே ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

இடைவேளையில் தீபிகா ஜாடியருகே நின்று, இதற்குள் எச்.எம். மிஸ் ஊதிய மூச்சு இருக்கிறதா என்று கேட்டாள். செடி அதைத் தின்று இலையாக்கியிருக்கும், இலை பழுத்து மண்ணானால் மறுபடி காற்றில் கலக்கும், மறுபடி இலையாகும் என்றேன். "அப்ப சுத்திகினே இருக்குமா மிஸ்?" என்றாள். "ஆங், மூடி இருக்கற வரைக்கும்" என்றேன். அதை நான் திறக்கப் போவதில்லை. அடுத்து வருகிறவர்கள் என்ன செய்வார்களோ, எனக்குத் தெரியாது.

என்னிடம் நீ விட்டுப்போனது ஒரு பழக்கம். நான் எண்ணுகிறேன். பஸ்ஸில் பக்கத்தில் தூங்குகிற அம்மாவை எண்ணுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாய்ந்திருக்கும் என் வீட்டுக்காரரை எண்ணுகிறேன், முறைக்கிறார். போன மாதம் சத்துணவு சமைக்கிற அம்மாவுக்கு இருபத்தாறு வந்தது. தூசி இருமல்தான் டீச்சர் என்றார். நான் கேட்கவில்லை, அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திருத்தணி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். மாத்திரை சாப்பிடுகிறார். என்னைத் திட்டிக்கொண்டேதான் சாப்பிடுகிறார்.

ஆறு மணி பஸ் வரப்போகிறது. காலண்டர் தாள் இன்னும் மேஜையில்தான் இருக்கிறது. பிள்ளைகள் எதிரில் கை வரவில்லை, நாளைக்குள் எழுதிவிடுகிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது சிவப்புப் பேனாவை எடுத்து எழுதிவிட்டேன். பதினெட்டை அழிக்கவில்லை. அதன்மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில், நீ கேட்ட கேள்விக்கான விடை.

இருபத்தெட்டு எண்ணினேன்.